ரெண்டு தடவை திருப்பிய படம்

எட்வின், இதை நீ பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. இன்னும் வீட்டுக்குள்தான் நிற்கிறாய் என்றால், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதலில் பையைத் தூக்கு. மதுரை தாண்டிப் பிரித்துக்கொள். மதுரை தாண்டிவிட்டால் இறங்கித் திரும்பி வர உனக்குச் சோம்பலாக இருக்கும். அந்தச் சோம்பல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எழுத்து டாக்டர் சீட்டு மாதிரிதான் இருக்கிறது, கூட்டிக் கூட்டிப் படி. டாக்டருக்கு அது படித்ததால் வந்தது, எனக்குப் படுத்ததால் வந்தது. வலது கையால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் எழுதியதும் கை போதும் என்கிறது. அதை மடியில் கிடத்தி, காற்றாடியைப் போட்டு, சமாதானம் ஆனதும் மறுபடி தொடங்குகிறேன். நடுவில் பேச்சு திடீரென்று வேறு பக்கம் போனால் கோபிக்காதே, அந்த இடத்தில் ஒரு தூக்கம் போட்டிருப்பேன்.

நேற்றுச் சாப்பிடும்போது நீ சொன்னாய், "ஒரு மாசம் ஓசூர்ல இருந்து பாத்துட்டு வந்துருவேம்ப்பா" என்று. நான் பதில் சொல்லவில்லை. வாயில் சோறு இருந்தது என்று நினைத்திருப்பாய். பதில்தான் இருந்தது, நீளமான பதில், மென்று முடிக்க முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு மாதத்தில் வராதே. கிறிஸ்துமஸுக்கு வா, லீவு போட்டு வா, திரும்பிப் போகிற டிக்கெட்டோடு வா. ஏன் என்று கேட்பாய். உன் பைக்குள் துண்டில் சுற்றி ஒரு அலுமினியப் பெட்டி வைத்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொன்னால் ஏன் என்பதையும் சொன்னதாகிவிடும்.

நான் விழுந்த அன்று நீ இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் உனக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள், நான் மட்டும் சொன்னதில்லை. பத்திர ஆபீசுக்கு எதிரே நம் கடையில் ஒருத்தருக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்து முடித்து, சரியாக விழுகிறதா என்று காட்ட ஒரு வெள்ளைத் தாளில் குத்தினேன். குத்தின கை எழுந்திருக்கவில்லை. ஸ்டாம்ப் தாளில் உட்கார்ந்திருக்கிறது, கை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, நான் எழுந்திரு எழுந்திரு என்று உள்ளே கத்துகிறேன், அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கை மாதிரிக் கிடக்கிறது. அந்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா அழுத்தமாத்தான் விழுது" என்று பாராட்டினார். அப்புறம்தான் நானும் விழுந்தேன். ஆட்டோவில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உன் அம்மா முதலில் நான் பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்துத் திட்டினாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது, முன்னால் பலமுறை காட்டியிருக்கிறேன்.

மறுநாள் நீ ஓசூரிலிருந்து ஒற்றைப் பையோடு மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தாய். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற உன் வேலைக்கு நம் திருச்சுழியில் என்ன வழி? இங்கே மாடி வைத்த வீடுகளே குறைவு, அந்த மாடிக்கும் வற்றல் காயப்போடத்தான் ஏறுவார்கள். ஆனால் நீ போகவில்லை. கடையைத் திறந்தாய். ஜெராக்ஸ் போட்டாய், லேமினேஷன் செய்தாய், ஸ்டாம்ப் செய்யக் கற்றுக்கொண்டாய். என்னைக் குளிப்பாட்டினாய். உன் பையை அம்மா பரண் மேல் தூக்கிப் போட்டாள். பிறகு ஓசூரிலிருந்து வந்து சேர்ந்த உன் கிட்டாரை நீயே உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றினாய். கம்பிகள் துருப்பிடித்த பிறகும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நோய் வந்தால் உடம்பு களைக்கும் என்று சொல்வார்கள். எனக்கு வந்து பார்த்தவர்களால்தான் களைப்பு. ஆளாளுக்கு ஒரு புறாவைச் சொன்னார்கள். நரிக்குடிப் பக்கம் யாருக்கோ இப்படித்தான் வாதம் வந்ததாம், புறா ரத்தம் தேய்த்துத் தேய்த்து இப்போது பைக் ஓட்டுகிறாராம். அந்த மனிதரை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஆனால் பைக் என்ன நிறம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உன் அம்மா ஜெபம் பண்ணுகிறவள், புறாவை வீட்டுக்குள் விடவில்லை. அதற்குப் பதிலாக, விரல்களுக்கு நுணுக்கமான வேலை கொடுங்கள் என்று பயிற்சி சொல்லித்தரும் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி என் முன்னால் வைத்தாள். கல் பொறுக்கினேன். பிறகு உளுந்து வந்தது. பிறகு பக்கத்து வீட்டு உளுந்தும் வந்தது. "சும்மாதான இருக்காக, பாத்துத் தருவாக" என்று உன் அம்மா வாசலில் வாக்குக் கொடுப்பது காதில் விழுந்தபோது, புறாவே தேவலை என்று தோன்றியது.

அப்போதுதான் நீ பரண் மேல் கிடந்த உன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். ஓசூரில் இருக்கும்போது வாங்கினது, முதல்முதலாக நீயே ஒரு கிட்டார் பெடல் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினது என்றாய். உள்ளே தம்மாத்துண்டு சாமான்கள்: மூன்று கால் பூச்சி மாதிரி ரெண்டு டிரான்சிஸ்டர், கோடு போட்ட ரெசிஸ்டர்கள், ஒரு சுவிட்சு, ஒரு காலிப் பெட்டி, அப்புறம் ஒரு பழுப்பு அட்டை. "விரலுக்கு நல்ல பயிற்சிப்பா, நீங்க கட்டுங்க" என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ அதைக் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்த சட்டையை, இனி எனக்கு எதுக்கு என்று யாருக்காவது கொடுப்பார்களே, அப்படிக் கொடுத்தாய்.

பெடல் என்றால் என்ன என்று நீ விளக்கினாய். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் இதற்குள் போய், ஆம்ப்ளிஃபையருக்கு வேறு சத்தமாகப் போகும், காலால் மிதித்தால் ஒலி கிழிந்து கரகரவென்று உறுமும் என்றாய். இதை நான் மைக்செட் தங்கராசுவிடம் சொன்னேன். நம் ஊர்க் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் குழாய் கட்டுகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி. அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஏலே, பொழைக்க வந்த நாள்ல இருந்து கரகரப்பு வராம இருக்கத்தான் நான் ஏச்சு வாங்கிட்டுத் திரியுறேன். அந்தக் கரகரப்புக்கு உன் மகன் பொட்டி கட்டுறானா?" என்றான். இதைச் சொல்லிச் சொல்லி ரெண்டு டீ குடித்தான். போகும்போது மட்டும், எப்போ முடியும், வந்து கேட்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

முதல் வாரம் அந்தக் கவரைப் பிரித்து மூடினதோடு சரி. பிறகு ஒரு நாள் கடையில் பின்பக்கம் பெஞ்சில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து நீ முன்னால் நின்று போனில் பேசினாய். ஓசூர் சூப்பர்வைசர்தான். "அப்பாவுக்கு இன்னும் கை சரியாகல சார். இப்போதைக்கு வர முடியாது. வேற ஆளைப் போட்டுக்கங்க" என்றாய். குரலில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை, ஜெராக்ஸ் தாள் தீர்ந்துபோச்சு என்று சொல்வது போல் சொன்னாய். அதுதான் என்னை உலுக்கியது. அன்றைக்கு என் வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். இது எனக்குத்தான் உதவாமல் கிடக்கிறது என்று நினைத்தேன், உன் கம்பெனிக்கு லீவு லெட்டராகவும் ஆகிவிட்டதே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். சரியாகிவிட்டது என்று வாயால் சொன்னால் நீ நம்ப மாட்டாய். கட்டிக் காட்டினால்தான் நம்புவாய்.

அந்த அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடிக்க விடு. ஸ்ட்ரிப் போர்டு என்கிறீர்கள். ஒரு பக்கம் வரிசை வரிசையாகத் துளைகள், அடிப்பக்கம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு செம்புப் பட்டை. மேல்பக்கமிருந்து சாமான்களின் கால்களைத் துளையில் நுழைத்து, அடிப்பக்கம் ஈயம் வைத்துப் பட்டையோடு ஒட்ட வேண்டும். மின்சாரம் எங்கெங்கே போகக் கூடாதோ அங்கங்கே பட்டையை வெட்டிவிட வேண்டும். எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான் என்று போனில் ஒரு வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். படம் மேல்பக்கத்தைக் காட்டும், வெட்டுவதோ அடிப்பக்கம், அட்டையைத் திருப்பினால் இடது வலதாகிவிடும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து எழுத்தைத் திருப்பிப் போட்டே சோறு தின்கிறவன் நான். ரப்பரில் இடவலம் மாற்றினால்தான் தாளில் நேராக விழும். கனவிலேகூட எனக்குக் கடைப் பலகைகள் திருப்பித்தான் தெரியும். என்னிடமா இந்த வித்தை?

இந்த இடத்தில் பரளச்சி ஊர்க்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார், நீ அப்போது நாலாங்கிளாஸோ என்னவோ. ஏதோ சங்கத்துக்குத் தலைவராகி, முதல் ஸ்டாம்ப் செய்ய வந்தார். நான் வேலை செய்யும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். ரப்பரில் எழுத்தெல்லாம் மாறி இருக்கிறது, படிக்க முடியவில்லை, தான் படிக்காதவன் என்று நினைத்து ஏமாற்றுகிறேனா என்று சத்தம் போட்டார். எவ்வளவோ சொன்னேன். கடைசியில் எனக்கு அலுத்துப்போய், அவர் கேட்டபடியே ரப்பரில் நேராகப் படிக்கிற மாதிரி செய்து கொடுத்தேன். ரப்பரைத் தடவிப் படித்து, இப்போதுதான் சரி என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சங்கத்தின் தாள்களை அப்புறம் கண்ணாடி வைத்துத்தான் படித்தார்கள் என்று கேள்வி. உன் அம்மா இதைச் சர்ச்சில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். அவர் மறுபடி வந்தபோது இலவசமாக வேறு செய்து கொடுத்தேன், இந்த முறை அவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆக, நீ ஒரு தாளில் அழகாக வரைந்து மேசையில் ஒட்டிவைத்த படத்தை நான் பார்த்த மாத்திரத்தில் மனசுக்குள் திருப்பினேன். இடது ஓரத்தில் நீ போட்ட வெட்டுக்குறியை வலது ஓரத்தில் வெட்டினேன். டிரில் முனையைத் துளையில் வைத்து விரலால் திருகுவதுதான் வெட்டு. பென்சில் சீவுகிற மாதிரி வேலை, பென்சில்தான் கையில் நிற்காது. ஒரு வெட்டுக்கு ஒரு காலைப்பொழுது போனது. வியர்த்துக் கொட்டும், நெற்றியைத் துடைக்கக் கையை எடுத்தால் முனை உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். குனிய முடியாது. உன் அம்மா விளக்குமாற்றால் தள்ளி எடுத்துக் கொடுப்பாள். "பருப்பு இப்படி ஓடுச்சா?" என்று கேட்பாள்.

அப்புறம் ஈயம். ஈயம் உருக்குகிற சூடான அயனைப் பிடித்துக்கொண்டு என் விரல்கள் மெள்ள முன்னால் நழுவும், எனக்குத் தெரியாது. ஒருநாள் கருகின வாடை அடித்தது. ஏதோ சாமான் எரிகிறது என்று நான் போர்டை முகர்ந்துகொண்டிருக்கிறேன், உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆள்காட்டி விரல் வெந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவள் மருந்து தடவித் துணி சுற்றினாள். உன்னிடம் இட்லிப் பானை சுட்டது என்று சொன்னோம். இட்லிப் பானைப் பக்கம் நான் போனதே இல்லை, நீயும் நம்பினாய்.

எல்லாம் வைத்து முடித்து, தங்கராசு இரவல் கொடுத்த ஆம்ப்ளிஃபையரில் சொருகி, உன் கிட்டாரை எடுத்துத் தரச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ கம்பியைத் தட்டினாய். ஒன்றும் இல்லை. மிதித்தாய். ஒன்றும் இல்லை. உறுமவும் இல்லை, இருமவும் இல்லை. "பரவாயில்லப்பா, விட்ருங்க. விரலுக்குப் பயிற்சி ஆச்சுல்ல" என்றாய். துக்க வீட்டில் கேட்கிற குரலில் சொன்னாய். அன்று சாப்பிடும்போது நான்தான் விடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், படத்தைச் சரியாகத் திருப்பித்தானே வெட்டினேன், எங்கே தப்பு என்று. நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"நீங்க திருப்பினீங்களா?"

"திருப்பாம?"

"நானே திருப்பித்தாம்ப்பா வரஞ்சிருந்தேன். செம்புப் பக்கம் பாத்தா எப்படித் தெரியுமோ அப்படியே. உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு."

உன் அம்மா குழம்புக் கரண்டியோடு நின்று சிரித்தாள் பார், வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் படுத்த பிறகு அது சிரிப்பாக இல்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, திருப்புவது. அதையும் எனக்குத் தெரியாமல் நீ செய்து வைத்துவிட்டாய். அன்பாகத்தான் செய்தாய், சண்டை போட ஒரு காரணம்கூட இல்லை. நீ முன்னாலேயே செய்ததும் சரி, நான் செய்ததும் சரி, ரெண்டும் சேர்ந்து பெடல் ஊமை. யோசித்தால் இந்த வீட்டில் ஒரு வருஷமாக நடப்பது இதுதான். நான் டம்ளரை எடுப்பதற்குள் நீ எடுத்துக் கொடுக்கிறாய். படியில் கால் வைப்பதற்குள் கை நீட்டுகிறாய். என் சட்டைப் பொத்தானை நான் தேடும்போது உன் விரல் அங்கே இருக்கிறது. கல்யாணம் ஆகிக் குழந்தை குட்டி வந்த பிறகும் இதை ஞாபகம் வைத்துக்கொள், எட்வின். உதவி செய். ஆனால் செய்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல், இல்லாவிட்டால் எதிராளி தன் பங்குக்குத் திருப்பிவிடுவான்.

மறுநாள் நீ கடைக்குப் போன பிறகு உன் அம்மாவிடம் கேட்டேன், இவன் போக வேண்டாமா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நீ போவதில் இஷ்டம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். என்னைத் தூக்கவும் நிறுத்தவும் நீ ஒரு ஆள் குறைந்தால், எல்லாம் அவள் தலையில்தான். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, அங்கே வேலை கிடைக்கும், அதுவரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ அவளிடம் சொல்லியிருந்தாயாமே. அவள் அதை நம்பவில்லை. உன்னைப் பற்றி ஒரு குற்றப்பத்திரிகையே வைத்திருந்தாள். நீ என்னோடு சேர்ந்து சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறாயாம். தோளில் துண்டு போடுகிறாயாம். உட்காரும்போது "ஆண்டவரே" என்கிறாயாம். பத்திர ஆபீஸ் புங்க மரத்தடியில் கிழடுகளோடு உட்கார்ந்து மலச்சிக்கலுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாளாம்.

"உங்களைப் பாத்துக்க எனக்குத் தெம்பு இருக்கு," என்றாள். "ஒரே வீட்டுல ரெண்டு கெழவனுக்கு என்னால பொங்கிப் போட முடியாது. அனுப்புங்க அவனை."

இதைச் சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்தாள். கீரையில் மண் என்றாள்.

அன்றைக்கு மறுபடி ஆரம்பித்தேன், உனக்குத் தெரியாமல். புதிதாக அட்டை வாங்கிவரச் சொல்லவில்லை. தப்பாக வெட்டின இடங்களில் எல்லாம், நறுக்கி எறிந்த ரெசிஸ்டர் கால்களைப் பொறுக்கி, பாலம் மாதிரி குறுக்கே வைத்து ஈயம் வைத்தேன். சரியான இடங்களில் புதிதாக வெட்டினேன். ரெண்டாவது டிரான்சிஸ்டரையும் அதைத் தாண்டி இருந்ததையும் கழற்றி மறுபடி வைக்கத் தொடங்கினேன். நீ மதியச் சாப்பாட்டுக்கு வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் முறத்துக்கு அடியில் தள்ளிவிட்டு உளுந்தில் கையை விட்டுக்கொள்வேன். உன் அம்மா, "ரொம்பக் கல்லுப்பா இந்தத் தடவை" என்று உன்னிடம் நடிப்பாள். பொய் சொல்வதில் அவளுக்கு இவ்வளவு திறமை இருப்பது இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

சில நாள் ஒரு ஈயப் பொட்டோடு சரி. சில நாள் அதுவும் இல்லை, அயனைச் சூடாக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே வெயில் அடிக்கும், கருவேலங்காட்டிலிருந்து கரிமூட்டப் புகை வரும், கை என் கையாகவே இருக்காது. இதெல்லாம் யாருக்காக, கை சரியாகாவிட்டால் இவன் இங்கேயே இருப்பான், அதுவும் சுகம்தானே என்று ஒரு நினைப்பு வந்து உட்காரும். வரவில்லை என்று சொன்னால் அது பொய். நீ பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்பினால், நானும் உனக்குத் தெரியாமல் திருப்பி வைத்தவன் ஆகிவிடுவேன்.

போன மாதம் ஒரு முற்பகல், ரெண்டாவது டிரான்சிஸ்டரின் காலுக்கு ஈயம் வைக்கும்போது விரல் வழக்கம்போல நழுவி முன்னால் போனது. சுட்டது. எட்வின், சுட்டது. அயனைத் தூக்கி எறிந்துவிட்டேன், முறத்தில் விழுந்து உளுந்து பொரிந்தது. உன் அம்மா ஓடி வந்தாள். நான் விரலை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறேனா சிரிக்கிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை, வாய் மறுபடி இழுத்துவிட்டதோ என்று பயந்துபோனாள். "சுட்டுருச்சு புள்ள" என்றேன். அவள் என் விரலைப் பிடித்து, வெந்த இடத்தில் தன் நகத்தால் மெள்ள அழுத்தி, "வலிக்குதா?" என்றாள். வலிக்கிறது என்றேன். மறுபடி அழுத்தினாள். அன்றைக்கு நம் வீட்டில் நடந்த கொஞ்சல் அதுதான். அவள் மருந்து தேடிப் போக ரொம்ப நேரம் ஆனது.

அடுத்த வாரம் தங்கராசுவை வரச் சொன்னேன். உன்னை அருப்புக்கோட்டைக்கு ரப்பர் ஷீட்டு வாங்க அனுப்பியது அதற்குத்தான், ஷீட்டு நிறையவே இருந்தது. உன் கிட்டாரை எடுத்து, துருப்பிடித்த கம்பிகளோடேயே சொருகினான். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது, ரெண்டு பேரும் மாடு வாங்க வந்தவர்கள் மாதிரி அதைச் சுற்றி நின்றோம். அவன் கம்பியைத் தட்டினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை மிதித்தேன். வலது காலால். அந்தக் கால் தரையில் கோடு போட்டுக்கொண்டு நடப்பதை நீ பார்த்திருக்கிறாய். அது தூக்கி, குறி பார்த்து, மிதித்தது. டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் வீடு உறுமியது. பீரோ கண்ணாடி நடுங்கியது. உன் அம்மா மாவு மில்லில் கல் விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள், வந்தவள் போகவில்லை. தங்கராசு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, பெரிய மனசு பண்ணிச் சொன்னான்: "நல்லாக் கெடுத்திருக்க, லே."

அப்புறம்தான் நீ குளித்துக்கொண்டிருந்தபோது உன் போனை எடுத்தேன். ஓசூர் சூப்பர்வைசருக்கு அடித்து, "சார், நான் எட்வினோட அப்பாவோட வலது கை பேசுறேன். நான் சரியாகலைன்னு அவன் உங்ககிட்டச் சொன்னானாமே" என்றேன். யார் என்று ரெண்டு தடவை கேட்டார். பிறகு சிரித்தார். நல்ல மனிதர். ஆள் இன்னும் போடவில்லை, திங்கட்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார். நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவராகவே உன்னைக் கூப்பிட்டதாக நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். சூப்பர்வைசர்கள் அவ்வளவு அன்பானவர்கள் இல்லை, இனிமேலாவது தெரிந்துகொள்.

முழுதாகச் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கழுத்துப் பொத்தான் இன்னும் எனக்கு வசப்படவில்லை, அதனால் அதைப் போடாமல் ரவுடி மாதிரித் திரியப்போகிறேன். டம்ளர் விழும், எவர்சில்வர் டம்ளர்தானே. சாயங்காலம் ஆனால் உடம்பு ஈரச்சாக்கு மாதிரி கனக்கிறது, அது இனிமேல் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கடைக்கு நானும் உன் அம்மாவும் போவோம். அவள் ஜெராக்ஸ் போடுவாள், நான் வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்பேன். முன்னாலும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். தினமும் போன் பண்ணாதே, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பண்ணு. கை எப்படி இருக்கிறது என்று முதல் கேள்வியாகக் கேட்காதே. உன் அம்மாவின் ஜெபத்தில் இப்போது நீ முதல் ஆள், நான் ரெண்டாவதுக்கு இறங்கிவிட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை. முதல் ஆளாக இருந்த ஒரு வருஷம் ரொம்பச் சிரமம்.

ஓசூர் போய்ச் சேர்ந்ததும் கிட்டாருக்குப் புதுக் கம்பி போடு. பெட்டியின் அடிமூடியைக் கழற்றி, போர்டை எடுத்து, செம்புப் பக்கம் பார். இடது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வா. முதலில் இருக்கும் ஈயம் எல்லாம் கோழி எச்சம் மாதிரி கிடக்கும், ஒன்றின் மேல் ஒன்று வழிந்து. நடுவில் பாலங்கள், கோணல்மாணல். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்து, ரெண்டாவது டிரான்சிஸ்டர் தாண்டினால் குட்டிக் குட்டியாக, பளபளவென்று இருக்கும். யாரையும் கூட்டிவந்து வைக்கவில்லை, எல்லாம் இந்தக் கைதான்.

பேட்டரியின் சிவப்பு ஒயர் மட்டும் எதிலும் ஒட்டாமல் தொங்கும். அது விட்டுப்போனதில்லை. தங்கராசு கேட்டுவிட்டுப் போன பிறகு நானே சூடு காட்டி எடுத்துவிட்டேன். அயனும் ஈயமும் உன் பையில், பெட்டிக்குக் கீழே இருக்கின்றன. இங்கே இனி உளுந்து போதும். உன் முதல் பெடல் இது, ஒரு பொட்டாவது நீ வைக்க வேண்டாமா? எந்தத் துளை, எந்தப் பக்கம் என்று நான் குறி எதுவும் போடவில்லை. நீயே பார்த்து வை.